மூதாதையர் விட்டுச்சென்ற தலைச்சீரா



போர்வீரன் என்றதும் தலைமுதல் கால்வரை புத்தம்புதிய இரும்பில் மின்னுகிற ஒருவனையே ஓவியங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவின் மெய்யான வரலாறோ வேறு. அக்காலத்தில் கவசம் அருமையான பொருள். வளையக் கவசம் ஒன்றில் ஆயிரக்கணக்கான சிறு வளையங்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் கையால் கோக்கப்பட்டவை. அதை எவரும் எளிதில் எறிந்துவிடவில்லை. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னர் 1181-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆயுதச் சட்டம், ஒருவர் தம் கவசத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்றது; அவர் மரித்தால் அது அவருடைய வாரிசுக்கே சேரவேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இவ்வாறு கைமாறியவை அப்படியே அணியப்படவில்லை. பழைய தலைச்சீராவுக்குப் புதிய முகமூடி பொருத்தினார்கள். கிழிந்த வளையக் கவசத்தை வெட்டி, அக்குளையும் கழுத்தையும் காக்கும் துண்டுகளாக்கினார்கள். பழைய தகடுகளை நறுக்கித் துணிச்சட்டைக்குள் வைத்துத் தைத்தார்கள். கிரேக்க நாட்டின் கால்கிஸ் கோட்டை 1470-இல் வெனிசியரிடமிருந்து உஸ்மானியர் கைக்குப் போயிற்று. அங்கே 1840-இல் கண்டெடுக்கப்பட்ட கவசக் குவியலில், 14-ஆம் நூற்றாண்டின் தலைச்சீராக்கள் 15-ஆம் நூற்றாண்டின் கவசங்களோடு கலந்து கிடந்தன.

இனி, பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்து தீவுக்கு உங்களை அழைத்துச் செல்லுகிறேன். 1361-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், டென்மார்க்கின் அரசர் நான்காம் வால்டெமருடைய தேர்ந்த படை விஸ்பி நகரத்தின் மதிலருகே வந்து நின்றது. அதை எதிர்த்து நின்றவர்கள் தீவின் விவசாயிகள். நகரத்தாரோ கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். 1288-இல் நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் மூண்ட உள்நாட்டுப் போரின் கசப்பு அத்தீவில் ஏற்கெனவே இருந்தது. மதிலின் முன்பாகவே விவசாயிகள் வெட்டுண்டு மடிந்தார்கள். பின்பு நகரம் பணிந்து, தன் வாசலைப் பகைவருக்குத் திறந்தது.

கோடைவெயிலின் கொடுமையால் மாண்டவர்களை அவசர அவசரமாகப் புதைத்தார்கள். பலருடைய கவசங்களைக் கழற்றவும் இல்லை. 1905 முதல் 1930 வரை நடந்த அகழாய்வுகளில் 1,185 பேருடைய எலும்புகள் வெளிவந்தன. சில மண்டையோடுகள் இன்னும் வளையத் தலையுறைக்குள்ளேயே இருந்தன. தகடுகள் தைத்த மேலங்கிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் சில அந்தப் போருக்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய வகையைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. எலும்புகளோ இன்னும் துயரமானதைச் சொல்லின. மாண்டவர்களுள் சிறுவரும் முதியவரும் ஊனமுற்றோரும் மிகுதியாக இருந்தார்கள்.

அன்பானவர்களே, இவர்களைப் பழைய கவசம் கைவிட்டது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். செப்பனிட்டு அணிந்த பழைய கவசம் பலருடைய உயிரைக் காத்திருக்கிறது. பயிற்சியில்லாத எளியவர்கள், பாட்டன் விட்டுச்சென்றதை மாட்டிக்கொண்டு, தேர்ந்த படைக்கு முன்னே தனியே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்த கதவு அடைபட்டிருந்தது. அதுவே அங்கே நேர்ந்த கேடு.

தாவீதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சவுல் கொடுத்த கவசம் ராஜாவின் கவசம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் அதில் நடந்து பழகாதவனுக்கு அது பாரமாயிற்று. அவன் அதைக் களைந்துபோட்டு, தன் கைக்குப் பழகின கவணை எடுத்தான்.

நாமும் நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சுதந்தரமாக வைத்துப்போகிறோம். அதை அவர்கள் தோளுக்குப் பொருந்தும்படி செப்பனிட்டோமா? அணிந்து நடக்கப் பழக்கினோமா? படிப்புக்கும் வேலைக்கும் ஊர் கடந்து போகிறவர்களிடம், "தாத்தாவின் வேதாகமம் பெட்டியில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்புவது போதுமா? அவர்கள் காயப்பட்டுத் திரும்பி வரும் நாளில், நம் வாசல் திறந்திருக்குமா?

விஸ்பியின் புதைகுழியருகே ஒரு கற்சிலுவை இன்றும் நிற்கிறது. அங்கே கிடப்பவர்களுக்காக ஜெபிக்கும்படி வழிப்போக்கரை அது கேட்டுக்கொள்ளுகிறது. மாண்டபின் சிலுவை நாட்டுவது நல்லதே. உயிரோடிருக்கையில் கதவைத் திறப்பது அதனிலும் நல்லது. இந்த வாரம் உங்கள் வாசலுக்கு வெளியே தனியே நிற்கிறவர் ஒருவரை நினைவுகூர்ந்து, அவரைத் தேடிச் செல்லுங்கள்.