வெள்ளைக் கோபுரமும் 31ஆம் எண்ணும்

ஸ்ரீரங்கத்தில் மொத்தம் 21 கோபுரங்கள். பெரும்பாலும் பஞ்சவர்ணம். கிழக்குப் பக்கம் ஒன்று மட்டும் வெள்ளை. வெளியூர்க்காரர்கள், "இதுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் வெள்ளையம்மாள் கதையைச் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை கோயிலைப் பிடித்திருந்தபோது, படைத்தலைவனை அந்தக் கோபுரத்தின் மேல் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்து உயிர்விட்ட தேவதாசி அவள். அவள் நினைவாகத்தான் வெள்ளை என்பது ஊர் வழக்கு. கதை தெரிந்தவர்களுக்கு அந்த நிறம் ஒரு செய்தி. தெரியாதவர்களுக்கு வெறும் சுண்ணாம்பு.

கம்ப்யூட்டரின் கறுப்பு டெர்மினலில் சிவப்பாக ஒரு வரி வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபுரம் ஞாபகம் வரும். அங்கேயும் நிறம் ஒரு ஒப்பந்தம்தான்.

ஆரம்பத்தில் டெர்மினல் என்றால் காகிதச் சுருளில் தட்டச்சடிக்கும் டெலிடைப். பிறகு திரைகள் வந்தன, கம்பெனிக்குக் கம்பெனி வேறு சங்கேதத்தோடு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1976இல் ஐரோப்பாவில் ஈசிஎம்ஏ-48 என்ற தரம் வந்தது. 1979இல் அமெரிக்காவின் ஆன்சி தரம். இந்த முறையை ஊரறியச் செய்தது 1978இல் வந்த விடி100 டெர்மினல். வேடிக்கை என்னன்னா, அதில் நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், வெளிச்சத்தைத் தலைகீழாக்குவது, அவ்வளவுதான்.

அந்தத் தர வரிசையில் எழுத்தின் நிறங்களுக்கு 30 முதல் 37 வரை எண்கள். 31 சிவப்பு, 32 பச்சை. 'எஸ்கேப்' என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து, அதன் எண் 27. பிறகு ஒரு சதுர அடைப்புக்குறி, 31, கடைசியில் 'எம்'. இதைப் பார்த்தால் டெர்மினல் இனி வருவதையெல்லாம் சிவப்பாகக் காட்டும். பூஜ்யம் வந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அதைப் போட மறந்தால் அடுத்தடுத்த வரிகளும் சிவப்புதான்.

இதே வரிகளை ஃபைலில் சேமித்தால் சங்கேதங்களும் கூடவே போய்க் குப்பையாகக் கிடக்கும். அதனால் நல்ல புரோகிராம்கள் எதிரில் இருப்பது டெர்மினலா, ஃபைலா என்று முதலில் விசாரிக்கும். நிறமே வேண்டாம் என்பவர்களுக்காக 2017இல் 'நோ கலர்' என்ற பொது வழக்கமும் வந்தது. அந்தப் பெயரில் ஒரு செட்டிங்கை வைத்துவிட்டால், அதை மதிக்கும் புரோகிராம்கள் நிறம் பூசாது.

திருச்சியில் படித்தபோது நான் எழுதிய ஒரு புரோகிராம், சோதனையில் ஜெயித்தால் பச்சைப் புள்ளியும் தோற்றால் சிவப்புப் புள்ளியும் வைக்கும். ரொம்பப் பெருமையாக ரூம்மேட்டிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டேய், எல்லாம் ஒரே கலர்தானடா?" என்றான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ராத்திரியே உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் 'சரி', 'தவறு' என்று சேர்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்ரீரங்கம் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோபுரம் அவனுக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. கதையைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.