சோழியும் படலமும்: அறிவின் தோற்றம் பற்றிப் புதுச்சேரி தந்த மூன்று விடைகள்

புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் கேட்டவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரின் படையில் இருந்தவர், சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். கணிக்க வேண்டியது 1825 மே 31, ஜூன் 1 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணம். பஞ்சாங்கக்காரர் எதையும் எழுதிப் பார்க்கவில்லை. வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தினார், விடை வந்தது. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. தொலைநோக்கியைத் தொடாதவருக்கு இது சின்ன வெற்றி இல்லை.

வாரனை வியக்கவைத்தது வேறொன்று. கிரகணம் ஏன் உண்டாகிறது, இந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்ற கோட்பாடு அந்த மனிதருக்குத் துளியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மனப்பாடமான வாக்கியங்கள். நிலவு பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். ஒன்பது சுற்று முடிந்தால் 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலவின் இருப்பிடத்தை நாளுக்கு ஒன்றாகச் சொல்பவை இவ்வாக்கியங்கள். கடபயாதி முறைப்படி ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். வாயில் ஓடுவது சொல், கையில் நகர்வது எண். வாரன் இதைத் தம் ‘காலசங்கலித’த்தில் பதிந்தார். 1830-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். 1952-இல் ஓட்டோ நொய்கபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் இதே கணக்கை ஆராய்ந்து, அதன் வேர் வானியலாளர் வராகமிகிரர் வழியாகப் பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை போவதைக் காட்டினார்.

அந்தப் பஞ்சாங்கக்காரரின் அறிவு எங்கிருந்து வந்தது? கருவிலேயே வாய்த்ததா, அனுபவத்தில் சேர்ந்ததா? அறிவு பற்றிய ஐரோப்பிய வாதத்தில் உரக்க எழுந்த கேள்வி இதுதான். ஆனால் கூடவே பிறந்தவை என்று 248 வாக்கியங்களை யாரும் சொல்ல மாட்டார்கள்; வானத்தை அண்ணாந்து பார்த்து அவர் கற்றதும் இல்லை. தமிழில் இதற்கு ஒரு தனி இடம் எப்போதோ ஒதுக்கப்பட்டுவிட்டது. காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் அறியும் வழிகளான அளவைகளை மூன்றாக வகுக்கும். அதற்கும் முன்பே மணிமேகலை அளவைவாதியின் வாயிலாகப் பத்து அளவைகளை அடுக்கி, காட்சி ஒன்றே போதும் என்ற பூதவாதியையும் பேசவிடுகிறது. பஞ்சாங்கக்காரருடையது உரை; இதுவே முதல் விடை. தலைமுறை தலைமுறையாய் ஒரு வாய் இன்னொரு காதுக்குத் தந்தது.

ஐரோப்பாவில் வாதம் கண்ணைச் சுற்றியே நடந்தது. பிறவியிலேயே எழுதி வைத்த எண்ணம் எதுவும் மனத்தில் இல்லை என்று ஜான் லாக் 1690-இல் எழுதினார். தொட்டுத் தொட்டுக் கோளத்தையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடருக்குத் திடீரென்று பார்வை வந்தால், பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று சொல்வாரா என்று அவருடைய நண்பர் மொலினோ அவரிடம் கேட்டார். 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், கண்ணில் படலம் மூடியிருந்த பதின்மூன்று வயதுச் சிறுவனுக்குச் சிகிச்சை செய்த விவரத்தை வெளியிட்டார். பார்வை வந்த பிறகும் எந்த உருவம் எது என்று பையனுக்குப் பிடிபடவில்லை. 1738-இல் வால்டேர் இதையே லாக்கின் பக்கம் நிற்கும் சான்றாகப் பிரெஞ்சு வாசகர்கள் முன் வைத்தார்.

இரண்டாம் விடை சைவருடையது; கண் படலம் அவர்களுக்குப் பழகிய உவமை. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் கீழைநாட்டு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்த்து வைத்திருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சத்தியோஜோதி முதலிய ஆகம மரபு ஆசிரியர்களின் கருத்துப்படி உயிருக்கு அறிவாற்றல் இயல்பாகவே உண்டு. ஆணவமலம் அதைக் கண்படலம் போல் மூடியிருக்கிறது. படலத்தை அறிந்துகொள்வதால் அது போகாது. மருத்துவர் கைவைக்க வேண்டும். அந்தக் கைதான் தீக்கை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதற்கு மேல் ஒரு படி போனார். படலம் நீங்கிய கண்ணும் தானாகக் காணாது. வெளிச்சம் வேண்டும், உள்ளே உயிரும் கூடவே நின்று காண வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சித்தாந்திகள் பிரித்துச் சொல்வது இதைத்தான். அவர் பேசியது முத்தியைப் பற்றி. லண்டன் பையனோடு அவரைச் சேர்ப்பது என் துணிச்சல். ஆனாலும் படலம் எடுத்த பிறகும் திகைத்து நின்ற அந்தப் பையனின் நிலையை, சத்தியோஜோதியின் உவமையைவிட மெய்கண்டாரின் நுட்பமே நன்றாக விளக்குகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது விடை கடல் வழியாக வந்தது. 1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் புதுச்சேரியில் இறங்கினார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவின் ‘கர்மயோகின்’ இதழில் தேசியக் கல்வி பற்றி அவர் எழுதிய தொடர் 1921-இல் சென்னையில் நூலானது. எதையும் கற்பிக்க முடியாது என்பதே உண்மையான கற்பித்தலின் முதல் விதி என்றார். அறிவு உள்ளே உறங்குகிறது, ஆசிரியர் துணைவரே ஒழிய ஏவுபவர் அல்லர். மனத்தை அதன் போக்கில் வளரவிட வேண்டும் என்பது இரண்டாம் விதி. மூன்றாம் விதியைப் பலர் கவனிப்பதில்லை: அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும். பிறந்த மண்ணும் கண்ட காட்சியும் கேட்ட ஒலியும் இல்லாமல் அந்த உள்ளறிவு விழிக்காது. கருவறிவுக் கட்சியில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்கள் இந்த விதியைப் படிக்கவில்லை.

1943 டிசம்பர் 2-இல் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை சுமார் இருபது குழந்தைகளோடு ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அது பல்கலைக்கழக மையமாகி, 1959-இல் அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் என்று பெயர் மாறியது. பட்டம் தருவதில்லை. என்ன படிப்பது, எந்த வேகத்தில் படிப்பது என்பதில் மாணவருக்கே பெரும் பங்கு. ஆனால் அங்கேயும் நூலகம் உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு. குழந்தையிடம் பிரெஞ்சில் பேசிக்காட்டும் ஓர் ஆசிரியரும் உண்டு. எந்தக் குழந்தைக்குள்ளும் பிரெஞ்சு உறங்கிக்கொண்டிருப்பதில்லை.

தரையில் சோழி பரப்பியவர் போய் இருநூறு ஆண்டாகிறது. அவருடைய வாக்கியங்கள் போகவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கட்சி இருப்பதை வாசகர் அறிவார். ‘திரு’ என்பதைச் சிறப்பு அடைமொழி என்று பலரும் எண்ணுகிறார்கள். அது ‘திருக்’, வடமொழியில் பார்வை. பார்த்துத் திருத்திய கணிதம் ஒரு பக்கம், சொல்லிக் கொடுத்த கணிதம் மறுபக்கம். 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் குறித்தபோது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கமே வழக்கம், பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது.