சொந்த அஞ்சல் நிலையம்: தமிழ்நாட்டில் லினக்ஸ் அஞ்சல் வழங்கியின் வரலாறு

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது வட்ட எண். சாலையின் பெயரும் வீட்டு எண்ணும் அதன் பின்னரே பயன்படும். 1956 நவம்பர் 14 அன்று நிறுவப்பட்டு, 1957 மே 20 அன்று பிரதமர் நேருவால் முதல் சுரங்கத்தின் பணி தொடங்கிவைக்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம், தன் பணியாளர் குடியிருப்பை எண்ணிட்ட வட்டங்களாக வகுத்துக் கட்டியது. வெளியூரிலிருந்து கடிதம் எழுதுபவருக்கு அவ்வீடு எத்திசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 607801 என்னும் அஞ்சல் குறியீட்டெண் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும், ஊருக்குள் வந்தபின் வட்டமும் சாலையும் அதை வாசலில் சேர்க்கும். மின்னஞ்சலும் இன்று இவ்வாறே செல்கிறது. @ குறிக்கு வலப்புறம் உள்ள களப்பெயர் கடிதத்தை உரிய நிறுவனத்தின் கணினிக்குக் கொண்டுவர, குறிக்கு இடப்புறம் உள்ள பெயர் அதை உரியவரின் பெட்டியில் இடுகிறது. அந்தக் குறியை 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் தேர்ந்தார். இந்திய அஞ்சல் துறை குறியீட்டெண் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1972 ஆகஸ்டு 15 அன்று.

களப்பெயரைக் கண்டதும் கடிதம் எந்தக் கணினியின் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வழி பிற்காலத்தில்தான் உருவாயிற்று. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை, இரு கணினிகள் ஒன்றுடன் ஒன்று கடிதம் கைமாற்றும்போது பேசிக்கொள்ள வேண்டிய சொற்களையும் அவற்றின் வரிசையையும் வரையறுத்தது: வணக்கம் சொல்வது, அனுப்புநர் பெயரைக் கூறுவது, பெறுநர் பெயரைக் கூறி ஒப்புதல் பெறுவது, அதன் பின்னரே கடிதத்தின் உடலை அளிப்பது. இந்த உரையாடலுக்கென 25 என்ற எண்ணுள்ள வாயில் ஒதுக்கப்பட்டது. இன்றும் வழங்கிகள் தமக்குள் அவ்வாயில் வழியாகவே கடிதங்களைக் கைமாற்றிக்கொள்கின்றன. 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் வகுத்த எம்எக்ஸ் என்னும் பதிவு, ஒரு களப்பெயருக்கு வரும் அஞ்சலை ஏற்கும் கணினி எது, அது இயங்காதபோது அதற்குப் பதிலாக ஏற்கும் கணினி எது என்பதைப் பொதுப் பட்டியலில் எழுதி வைக்க இடமளித்தது. அஞ்சல் வழங்கி எனப்படுவது இந்த உரையாடலை இரவும் பகலும் நடத்தக் காத்திருக்கும் கணினி. அதை அமைப்பது என்பது, எந்தக் கடிதத்தை ஏற்பது, எதை மறுப்பது, எதை வேறிடத்துக்குக் கடத்துவது என்னும் விதிகளை அக்கணினிக்கு எழுதிக் கொடுப்பது.

எம்எக்ஸ் வகுக்கப்பட்ட அதே 1986இல்தான் இந்தியாவில் எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்புத் திட்டம் தொடங்கியது. ஒன்றிய அரசின் மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் துணைநின்ற இம்முயற்சியில், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், மின்னணுத் துறை ஆகியவற்றுடன் ஐந்து ஐஐடிகள் பங்கேற்றன. அவற்றுள் சென்னை ஐஐடியும் ஒன்று. தொடக்க ஆண்டுகளில் இவற்றை இணைத்தது யுயுசிபி என்னும் எளிய முறை: ஒரு யூனிக்ஸ் கணினி குறித்த நேரத்தில் மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து, அங்கே தனக்கெனக் காத்திருப்பவற்றை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். யுயுசிபி உலகில் முகவரியே ஒரு வழிச்சொல்லாக இருந்தது. கடிதம் எந்தெந்தக் கணினிகளைக் கடந்து செல்ல வேண்டுமோ அவற்றின் பெயர்களை எல்லாம் ஆச்சரியக்குறியிட்டு வரிசையாக எழுதுவது வழக்கம், இடையில் ஒரு பெயர் பிசகினாலும் கடிதம் போய்ச் சேராது. வழியை அறிந்துகொள்ளும் பொறுப்பை எழுதுபவரின் தோளிலிருந்து இறக்கி வழங்கியின் தோளில் ஏற்றியதே எம்எக்ஸ் பதிவின் பெருஞ்சாதனை என்று கூறலாம். 1989இல் இந்தியாவுக்குரிய நாட்டுக் களப்பெயர் வழங்கப்பட்டபோது, அதைக் காக்கும் பொறுப்பு பம்பாய் மையத்திடம் வந்தது.

கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் வசதி 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோதுதான் பரவலாகக் கிட்டியது. தொடக்கத்தில் இணைப்பு பெற்ற நகரங்களில் சென்னையும் இருந்தது. அங்குள்ள வழங்கி ஜியாஸ்எம்டி01 என்ற பெயர் கொண்டிருந்ததால், அன்றைய சென்னைவாசிகளின் முகவரிகள் பலவற்றில் அந்தப் பெயர் இடம்பெற்றது. குறைந்த கட்டணத்தில் கிடைத்த ஷெல் கணக்கில் படமோ வண்ணமோ இல்லை. கறுப்புத் திரையில் பைன் என்னும் நிரலைத் திறந்து எழுத்துகளாக மட்டுமே கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. ஆயினும் அது சென்னையின் வசதிதான். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே இருந்த நெய்வேலி போன்ற ஊர்களுக்கு, உள்ளூர் இணைப்பு வரும்வரை, ஒவ்வொரு கடிதப் பரிமாற்றமும் வெளியூர் தொலைபேசி அழைப்பின் கட்டணத்தில் நடந்தாக வேண்டும் என்ற நிலையே இருந்தது. அந்தக் கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது.

இந்நிலையில்தான் லினக்ஸ் தமிழ்நாட்டின் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட இந்த இயங்குதளத்தின் கரு, விலையுயர்ந்த யூனிக்ஸ் இயந்திரங்களின் வேலையை, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட சாதாரண 386, 486 கணினிகளிலேயே செய்ய வழிசெய்தது. 1990களின் பிற்பகுதியில் பிசிகுவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தட்டை இணைப்பாக வழங்கியதால், இணையத்திலிருந்து தரவிறக்க வழியில்லாத சிற்றூர்களிலும் அது கைக்கெட்டியது. அலுவலகத்தின் ஒரு மூலையில் வைத்த பழைய கணினியில் மோடம் ஒன்றைப் பொருத்தி, அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தை அழைக்குமாறு செய்தால், வெளிச்செல்லும் கடிதங்கள் அதுவரை வரிசையில் காத்திருந்து ஒரே அழைப்பில் போய்விடும். எரிக் ரேமண்ட் எழுதிய ஃபெட்ச்மெயில் என்னும் நிரல் உள்வரும் கடிதங்களை வாங்கி வந்து, உள்ளூர் வழங்கியிடம் ஒப்படைக்க, அது அவரவர் பெட்டியில் பிரித்துப் போடும். ஒரே இணைப்பை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்ளவும், பக்கத்து மேசைக்குச் செல்லும் கடிதம் கட்டணமே இன்றி அலுவலகத்துக்குள்ளேயே போய்ச் சேரவும் இந்த அமைப்பு உதவியது. யுயுசிபி காலத்தின் சேர்த்துவைத்து அனுப்பும் பழக்கம், தொலைபேசிக் கட்டணத்தின் நெருக்கடியால் இவ்வாறு மறுவாழ்வு பெற்றது எனலாம்.

அவ்வாறு அமைத்தவர்கள் எதிர்கொண்ட பெரும் இடர், வழங்கியை இயக்கிய சென்ட்மெயில் என்னும் நிரல். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி 1983இல் வெளிவந்த இந்நிரல், யுயுசிபி, அர்ப்பாநெட் என்று பல வகை வலையமைப்புகளின் பல வகை முகவரிகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றியெழுதும் திறன் கொண்டிருந்தது. அந்தத் திறனே அதன் அமைவுக் கோப்பைக் குறியீடுகளின் காடாக ஆக்கிற்று. எம்4 என்னும் கருவியைக் கொண்டு சில வரிகள் எழுதினால் முழுக்கோப்பையும் அதுவே உருவாக்கித் தரும் வசதி பின்னர் வந்தபோதும், பிழை எங்கே என்று கண்டறிய அந்தக் காட்டுக்குள் நுழைவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு என்னும் தானே பரவும் நிரல், சென்ட்மெயிலில் சோதனைக்காகத் திறந்து விடப்பட்டிருந்த வசதி ஒன்றையும் பயன்படுத்திக் கணினிகளுக்குள் புகுந்தது. முழு அதிகாரத்துடன் இயங்கும் ஒரே பெரிய நிரலில் எல்லா வேலையையும் குவிப்பது ஆபத்து என்பது அதன் பின் எல்லோருக்கும் விளங்கிற்று.

அந்தப் பாடத்தை அடித்தளமாகக் கொண்டு ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்செ வெனமா உருவாக்கி 1998 டிசம்பரில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், வேலையைச் சிறு சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தது. அதன் அமைவுக் கோப்பு, வாசித்தால் புரியும் வரிகளால் ஆனது: தன் பெயர் என்ன என்று ஒரு வரி, எந்தக் களப்பெயர்களுக்கான கடிதங்கள் இங்கேயே தங்க வேண்டும் என்று ஒரு வரி, எந்தக் கணினிகள் தன் வழியாக வெளியே கடிதம் அனுப்பலாம் என்று ஒரு வரி. கடைசி வரியில் தவறினால் விளைவு பெரிது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் அனுப்ப அவ்வழங்கி திறந்த வாயிலாகிவிடும், குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைச் சில மணி நேரத்தில் கண்டுகொள்வர், பின்னர் அதன் முகவரி உலகெங்கும் தடைப்பட்டியலில் ஏறிவிடும். இதற்கு மாறாக, வழங்கி சிறிது நேரம் செயலிழப்பது பெருங்கேடன்று. எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் கணினி கடிதத்தை வரிசையில் வைத்து வழக்கமாக ஐந்து நாள்வரை மீண்டும் மீண்டும் முயலும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய நீண்ட மின்வெட்டிலும் சிறு வழங்கிகள் கடிதங்களை இழக்காமல் இயங்க முடிந்ததற்கு, மின்சாரம் உறுதியில்லாத உலகை முன்கூட்டியே கருதிய அந்த நெறிமுறையே காரணம்.

தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும் நெடுநாள் வேறொரு தடையும் இருந்தது. எஸ்எம்டிபி தொடக்கத்தில் ஏழு துகள் (பிட்) கொண்ட எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்றது. எட்டாவது துகளைப் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவில் அனுப்பிய கடிதம், வழியில் பழைய வழங்கி ஒன்று அத்துகளை வெட்டிவிட்டால், பொருளற்ற குறிகளாகவே போய்ச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஏழு துகளுக்குள்ளேயே தமிழை அடக்கியதும், பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பியதும் இத்தடையைக் கடக்கும் வழிகளே. 1992இல் வரையறுக்கப்பட்ட மைம் என்னும் முறை, எட்டுத் துகள் எழுத்துகளைப் பாதுகாப்பான உருவுக்கு மாற்றி அனுப்பி மறுமுனையில் மீட்க வழிகாட்டிய பின்னரே இந்நிலை மெல்ல மாறிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்கு முரசு அஞ்சல் என்றே பெயர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை மின்னஞ்சல் வழியே சேர்த்துத் திருத்தி மின்னூலாக்கியது. பெயர் அறியாத எத்தனையோ வழங்கி நிர்வாகிகளின் உழைப்பு அந்நூல்களின் பின்னால் இருக்கிறது என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். முகவரியையே தமிழ் எழுத்தில் எழுத இடமளிக்கும் நெறிமுறை 2012இல் வந்தது. 2015இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 அதை ஏற்றது. அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றபோதும், தமிழ் முகவரியைப் பயன்படுத்துவோர் இன்றும் மிகச் சிலரே.

கட்டற்ற மென்பொருளில் அரசின் பங்கு பிற்பாடு தொடங்கினாலும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. 2005இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சி-டாக்கிலுமாகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. அதே பத்தாண்டில் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி உமாசங்கர் தலைமையில் இயங்கிய எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி, மாநில அரசின் நிறுவனமொன்று கட்டற்ற மென்பொருளை நம்பி இயங்க முடியும் என்று காட்டியது. 2015இல் ஒன்றிய அரசு, அரசு அலுவல்களுக்குத் தனியார் அஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்தலாகாது என்னும் கொள்கையையும், திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையையும் அடுத்தடுத்து வெளியிட்டது.

ஆனால் அக்காலத்துக்குள் சொந்த வழங்கி நடத்துவது கடினமாகிவிட்டது. அனுப்பும் கணினிக்கு அக்களப்பெயரின் சார்பில் அனுப்ப உரிமை உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், கடிதத்தில் மறைக்குறியீட்டு ஒப்பம் இடும் டிகிம், இவ்விரண்டும் தவறினால் செய்ய வேண்டியதைக் கூறும் டிமார்க் என்னும் பதிவுகளை எழுதாத வழங்கியின் கடிதங்கள் பெருநிறுவனங்களின் பெட்டிகளில் குப்பைக் கூடைக்கே செல்லத் தலைப்பட்டன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் தம் வழங்கிகளை அணைத்துவிட்டுப் பெருநிறுவனங்களின் சேவைக்கு மாறின. ஒன்றிய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் அஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோவின் தளத்துக்கு மாறியதாக 2025இல் செய்தி வெளியானது. தனக்குரிய களப்பெயரை வைத்திருக்கும் நிறுவனம் வழங்கியை எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது. இந்த உரிமை எஞ்சியிருக்கும்வரை, திரும்பி வரும் வழியும் அடைபடவில்லை.

வழங்கி அமைக்கும் இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் பயின்றவர்களின் பணி இதுவரை முறையாகப் பதிவு பெறவில்லை. அவர்கள் எழுதிய அமைவுக் கோப்புகள், பெயர்ப் பட்டியல்கள், கைக்குறிப்பேடுகள் ஆகியவை பழைய வன்தட்டுகளிலும் அலமாரிகளிலும் கிடக்கின்றன. கழிவுப் பொருளாக அவற்றை விற்றுவிடாமல், அந்தரங்கக் கடிதங்களை நீக்கிவிட்டு, அமைத்தவரின் பெயரையும் ஆண்டையும் குறித்துப் பல்கலைக்கழக நூலகங்களிடம் ஒப்படைக்கக் கல்லூரிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இப்போதே முன்வர வேண்டும்.