உமர் திரும்பிப் போன இடம்

'எல்லாம் விதிப்படிதானே, அப்புறம் எதுக்கு முயற்சி?'ன்னு கேட்கிறவங்களுக்கு நான் ஸர்க் சம்பவத்தைத்தான் சொல்வேன். கி.பி. 639 வாக்கில் பாலஸ்தீனத்தின் அம்வாஸில் கிளம்பிய கொள்ளைநோய் ஷாம் தேசமெங்கும் பரவியிருந்தது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி), எல்லையை ஒட்டிய ஸர்கில் செய்தி கேட்டு நின்றார். முஹாஜிர்களிடம் கேட்டார், அன்சாரிகளிடம் கேட்டார், கருத்து ஒத்துவரவில்லை. குறைஷிப் பெரியவர்கள் மட்டும் ஒரே குரலில் திரும்பிடச் சொன்னார்கள். காலையில் திரும்புவதாக அறிவித்தார்.

இறைவன் விதித்ததை விட்டு ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா (ரலி) கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்றார் உமர். ஒட்டகத்தைச் செழித்த சரிவில் மேய்த்தாலும் காய்ந்த சரிவில் மேய்த்தாலும் விதிதானே என்பது அவர் வாதம்.

பயான்களில் கதை பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. ஆலோசனையின்போது இல்லாத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் போகாதீர்கள், உள்ளே இருந்தால் தப்பியோடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார். உமர் முடிவெடுத்தபோது இந்த ஹதீஸ் அவருக்குத் தெரியாது. கேட்டதும் இறைவனைப் புகழ்ந்துவிட்டு மதீனா திரும்பினார். அபூ உபைதா தன் படையிடம் போனார். அதே நோயில் இறந்தார்.