சுதந்திர சினிமா: ஆறு திரையிடல்களின் வரலாறு

தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் சிற்றிதழ்களின் வரலாற்றை எழுதாமல் மேற்செல்ல இயலாது. சில நூறு படிகளே அச்சாகி, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பெற்று, பொருள்முடையால் நின்றுபோன ஏடுகளில்தான் நம் கவிதையின் திருப்பங்கள் பலவும் நிகழ்ந்தன. திரைப்படக் கலைக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அங்கே சிற்றிதழின் இடத்தை வகிப்பது குறும்படம். நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், 1956 முதல் 1959 வரை லண்டன் மாநகரில் ஆறு முறை மட்டுமே நடந்து, பின்னர் அதனை நடத்தியவர்களாலேயே நிறுத்தப்பெற்ற ஒரு திரைப்பட நிகழ்வை நினைவுகூர்வது பொருத்தமுடையது எனக் கருதுகிறேன். அதன் பெயர் ‘ஃப்ரீ சினிமா’. சுதந்திர சினிமா என்று நாம் வழங்கலாம்.

1956 பிப்ரவரித் திங்களின் தொடக்கத்தில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்த தேசியத் திரைப்பட அரங்கில் மூன்று படங்கள் ஒரே நிகழ்ச்சியாகத் திரையிடப்பெற்றன. லிண்ட்சே ஆண்டர்சனின் ‘ஓ டிரீம்லேண்ட்’, காரல் ரைஸும் டோனி ரிச்சர்ட்சனும் இணைந்து எடுத்த ‘மம்மா டோண்ட் அலவ்’, லொரென்சா மட்சேத்தியின் ‘டுகெதர்’ ஆகியவை அவை. இவற்றை எடுத்தவர்கள் ஓர் இயக்கமாகக் கூடி எடுக்கவில்லை. தனித்தனியே எடுத்து, திரையிட வழியின்றிக் கையில் வைத்திருந்தனர். ஒற்றைக் குறும்படத்தைப் பற்றி எந்த நாளிதழும் ஒரு வரிகூட எழுதாது என்பதை அறிந்திருந்த ஆண்டர்சன், மூன்றையும் ஒரு பெயரின்கீழ்த் தொகுத்து, கொள்கை அறிக்கை ஒன்றையும் உடன் வெளியிட்டால் செய்தியாகும் எனக் கணக்கிட்டார். கணக்குப் பொய்க்கவில்லை. அரங்கு நிறைந்தது, பலர் இடமின்றித் திரும்பினர். இயக்கங்கள் பலவும் இவ்வாறே தோன்றுகின்றன. முதலில் படைப்புகள் பிறக்கின்றன, பெயர் பின்னால் வந்து சேர்கிறது.

அரங்கு கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவ்வரங்கின் நிகழ்ச்சிப் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர் ரைஸ். அவரும் ஆண்டர்சனும் நண்பரானது ஒரு சிற்றிதழின் வழியாக. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகச் சூழலில் பிறந்த ‘சீக்வன்ஸ்’ என்ற திரைப்பட ஏட்டை ஆண்டர்சனும் நண்பர்களும் 1952 வரை நடத்திவந்தனர். ரைஸும் அதில் பங்கு கொண்டார். பிறர் படங்களைக் கடுமையாக விமர்சித்தவர்கள், தாம் கேட்டதைத் தாமே செய்துகாட்டும் கட்டாயத்துக்கு ஆளாயினர் எனலாம். ஆண்டர்சன் பிறந்தது 1923இல் நம் அண்டை மாநிலமான கருநாடகத்தின் பெங்களூரில். ஆங்கில அரசின் படை அதிகாரியாக அங்கிருந்தவர் அவருடைய தந்தை.

அன்றைய பிரித்தானியத் திரையுலகைச் சற்றே நினைவிற்கொள்ள வேண்டும். போர் வெற்றிகளைப் போற்றும் படங்களும் நகைச்சுவைப் படங்களும் படப்பிடிப்புக் கூடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. உழைக்கும் மக்கள் அவற்றில் வேலைக்காரராகவோ நகைப்புக்குரியவராகவோ தலைகாட்டுவதே வழக்கம். ஜான் கிரியர்சன் 1930களில் வளர்த்த ஆவணப்பட மரபும் பெரும்பாலும் அரசுத் துறைகளின் விளம்பரமாகத் தேய்ந்திருந்தது. இச்சூழலில் இவ்விளைஞர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து கிடைத்தது?

ஆண்டர்சனைப் பொறுத்தவரை இதற்கு விடை தெளிவானது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் என்ற கவிஞரிடமிருந்து கிடைத்தது. ஜென்னிங்ஸ் கவிதை எழுதியவர், ஓவியம் தீட்டியவர், போர்க்காலத்தில் அரசுக்காகப் படமெடுத்தவர். 1942இல் வெளிவந்த அவருடைய ‘லிசன் டு பிரிட்டன்’ படத்தில் விளக்கவுரை கிடையாது. ஆலை இயந்திரத்தின் ஓசை, நடனக்கூடத்தின் இசை, சாலையில் ஊரும் படை வண்டிகளின் இரைச்சல், நண்பகற் கச்சேரியின் பியானோ ஆகியவை ஒன்றையடுத்து ஒன்று நிற்க, அவற்றிடையே உள்ள உறவைப் பார்ப்பவரே உணர்ந்துகொள்கிறார். நம் கவிஞர்கள் இம்முறையை உடனே இனங்கண்டுகொள்வர். சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நெஞ்சில் சொல்லவைப்பது சங்கப் பாடல் முதல் நமக்குப் பழக்கமான வழியே. 1950இல் கிரேக்கத் தீவொன்றில் பாறையிலிருந்து விழுந்து ஜென்னிங்ஸ் இறந்தார். நான்காண்டுகள் கழித்து ஆண்டர்சன் எழுதிய கட்டுரையில், பிரித்தானியத் திரைப்படம் ஈன்ற உண்மையான கவிஞர் அவர் ஒருவரே எனப் போற்றினார்.

ஆயினும் ‘ஓ டிரீம்லேண்ட்’ ஜென்னிங்ஸின் கனிவைக் காட்டவில்லை. மார்கேட் என்ற கடற்கரை ஊரில் செவித்திறனற்ற குழந்தைகளின் பள்ளியைப் பற்றி ‘தர்ஸ்டேஸ் சில்ட்ரன்’ எனும் ஆவணப்படத்தைக் கை பிரென்டனுடன் சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, அவ்வூரின் கேளிக்கைப் பூங்காவை ஆண்டர்சன் கண்டார். பள்ளிப் படம் ஆஸ்கர் பரிசு பெற்றது. பூங்காவைப் பற்றி 1953இல் தன் போக்கில் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படமோ மூன்றாண்டுகள் திரை காணாமல் கிடந்தது. கொலைத் தண்டனைக் காட்சிகளை நடித்துக்காட்டும் பொம்மைகள், கூண்டில் அடைபட்ட விலங்குகள், அவற்றை வெறித்து நோக்கியபடி நகரும் மக்கள்; இவற்றின்மேல் இயந்திரப் பொம்மையொன்றின் ஓயாச் சிரிப்பு. மக்களுக்கு மகிழ்ச்சி என்று விற்கப்படுவதன் மீது எழுந்த சினமா, அதை வாங்கும் மக்கள் மீதே எழுந்த இளக்காரமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அது தீர்ந்துவிடவில்லை. ஏழை எளியோரைப் பாடும் நம் கவிதைகளையும் இதே கேள்வியால் உரசிப் பார்ப்பது நன்று.

‘மம்மா டோண்ட் அலவ்’ இதற்கு நேர்மாறானது. வட லண்டனின் வுட் கிரீன் பகுதியில் இயங்கிய ஜாஸ் இசைக் கழகத்தில், பகலெல்லாம் உழைத்த இளையோர் மாலையில் ஆடிக் களிப்பதை அது அன்புடன் பார்க்கிறது. இங்கே கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் போலச் சாவி கொடுத்து இயக்கும் 16 மி.மீ. போலெக்ஸ் கேமராவே இவர்களுக்கு வாய்த்தது. ஒருமுறை சாவி கொடுத்தால் ஏறத்தாழ 22 விநாடிகளே அது ஓடும். பேச்சையும் படத்தையும் ஒருங்கே பதிய அதில் வழியில்லை. ஆகவே நீண்ட காட்சி எடுப்பதும் உரையாடல் வைப்பதும் அரிதாயின. துண்டு துண்டான காட்சிகளை இசையின் தாளத்தோடு கோத்துப் பொருள் காணும் முறை இவ்வறுமையிலிருந்தே பிறந்தது. யாப்பு கவிஞனைக் கட்டுவதும் அதே கட்டு அவனைக் கண்டுபிடிப்புக்குத் தூண்டுவதும் நாம் அறிந்தவையே. அந்த 22 விநாடியை இவர்களுடைய யாப்பு எனக் கொள்ளலாம். ஒளிப்பதிவாளர் வால்டர் லஸ்ஸாலியும் ஒலிப்பதிவில் வல்ல ஜான் ஃப்ளெட்சரும் இல்லையெனில் இவ்வியக்கமே இல்லை.

மூன்றாவது படத்தை எடுத்த மட்சேத்தியின் கதை தனியே சொல்லத்தக்கது. இத்தாலியில் பிறந்து, தாயை இழந்து, இரட்டைச் சகோதரியுடன் அத்தை வீட்டில் வளர்ந்தவர் அவர். அத்தையின் கணவர் ராபர்ட் ஐன்ஸ்டைன், அறிவியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் ஒன்றுவிட்ட சகோதரர். 1944 ஆகஸ்டில், ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகிலிருந்த அவ்வீட்டுக்குள் புகுந்த ஜெர்மானியப் படையினர் அத்தையையும் அவருடைய இரு பெண்மக்களையும் கொன்றனர். வேறு குடும்பப் பெயர் கொண்டிருந்த இரட்டையர் தப்பினர். மறு ஆண்டு ராபர்ட் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்நினைவுகளைச் சுமந்து 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து வந்த மட்சேத்தி, ஸ்லேடு கலைப்பள்ளியின் வாயிலில் நின்று, தலைவரைக் கண்டே தீர்வேன் என வற்புறுத்தி இடம் பெற்றார். பள்ளியில் கிடந்த படக்கருவிகளைக் கேளாமல் எடுத்துக் காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையைத் தழுவி ‘கே’ என்ற படத்தை எடுத்தார். படச்சுருளைக் கழுவிய செலவைப் பள்ளியின் கணக்கிலேயே எழுதிவிட்டார். பிடிபட்டபோது தலைவர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தண்டிக்கவில்லை; படத்தை மாணவரிடையே திரையிட்டார். அதனைக் கண்ட பிரித்தானியத் திரைப்படக் கழக இயக்குநர் டெனிஸ் ஃபோர்மன், சோதனைப் படங்களுக்கெனக் கழகம் வைத்திருந்த நிதியிலிருந்து அடுத்த படத்துக்கு உதவினார்.

அதுவே ‘டுகெதர்’. குண்டுவீச்சில் சிதைந்து, பத்தாண்டுக்குப் பின்னும் சீர்பெறாதிருந்த கிழக்கு லண்டன் தெருக்களில், பேசவும் கேட்கவும் இயலாத துறைமுகத் தொழிலாளர் இருவர் சேர்ந்து நடக்கின்றனர். சிறுவர் கூட்டமொன்று அவர்களைப் பழித்துக்காட்டியபடி பின்தொடர்கிறது. எதுவுமே அவ்விருவர் செவியில் விழுவதில்லை. அவர்கள் நிலையிலிருந்து பார்க்கும் இடங்களில் படமும் ஓசை இழக்கிறது. முடிவில் ஆற்றோரம் அமர்ந்திருக்கும் ஒருவரைச் சிறுவர் விளையாட்டாகத் தள்ளிவிட, அவர் மூழ்குவதை அறியாமலே மற்றவர் நிற்கிறார். நடித்தவர் இருவரும் ஓவியர், சிற்பி என அறியப்பட்ட கலைஞர்கள்: மைக்கேல் ஆண்ட்ரூஸும் எடுவார்டோ பவுலோட்சியும். அப்படம் 1956 கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றது. கண்ணெதிரே ஒரு குடும்பம் அழிந்ததைக் கண்டவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கேட்க முடியாத ஒரு மரணத்தைப் படமாக்கினார். சொல்ல இயலாத துயரம் தனக்கென வேறொரு வடிவத்தைத் தேடிக்கொண்டது என்றே நான் இதைக் கருதுகிறேன்.

இங்கே ஓர் உண்மை நம் கவனத்தைக் கவர்கிறது. இங்கிலாந்தின் அன்றாட வாழ்வைப் புதுக்கண்ணால் நோக்கிய இவர்களுள் பலர் அம்மண்ணில் பிறவாதவர். ரைஸ் 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சிறுவனாகத் தனியே அனுப்பப்பட்டவர். பெற்றோர் ஆஷ்விட்ஸில் மாண்டனர். லஸ்ஸாலி நாஜி ஆட்சிக்குத் தப்பி வந்த ஜெர்மானியக் குடும்பத்தினர். பிக்காடில்லி சதுக்கத்தின் சனிக்கிழமை இரவுகளை ‘நைஸ் டைம்’ படத்தில் பதிந்த கிளாட் கொரெட்டாவும் ஆலன் தானரும் சுவிட்சர்லாந்து நாட்டினர். ராபர்ட் வாஸ், 1956 எழுச்சி ஒடுக்கப்பட்டபின் ஹங்கேரியிலிருந்து வந்த அகதி. 1959இல் அவர் எடுத்த ‘ரெஃப்யூஜ் இங்கிலாந்து’ படத்தில், மொழியறியாத அகதி ஒருவர் ஒரு தெருவின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லண்டனில் இறங்குகிறார். அதே பெயரில் பல தெருக்கள் அந்நகரில் உள்ளன. பகல் முழுதும் அலைகிறார். உள்ளூரார் கண்ணுக்குத் தேய்ந்துபோன தெருவும் கடையும் முகமும் அவர் கண்ணுக்கு முதன்முறையாகத் தெரிகின்றன. பழகியதைப் பழகாததாகக் காணும் இப்பார்வை கவிஞர் ஒவ்வொருவரும் வேண்டுவது. இவர்களுக்கு அது வரமாக வாய்க்கவில்லை, இழப்பின் விலையாகக் கிடைத்தது.

ஆறு நிகழ்ச்சிகளுள் மூன்று பிறநாட்டுப் படங்களுக்கே ஒதுக்கப்பெற்றன. நார்மன் மக்லாரன், ஜார்ஜ் ஃபிரான்ழு, லயனல் ரோகோசின் ஆகியோர் படங்களும், போலந்து மாணவராயிருந்த ரோமன் போலன்ஸ்கியின் குறும்படமும், பிரெஞ்சுப் புதிய அலையின் முதல் முயற்சிகளும் அங்கே காட்டப்பெற்றன. மூன்றாம் நிகழ்ச்சியில் வெளியான ஆண்டர்சனின் ‘எவ்ரி டே எக்செப்ட் கிறிஸ்மஸ்’, கோவென்ட் கார்டன் காய்கறி மலர்ச் சந்தையின் ஓர் இரவையும் காலையையும் காட்டுவது. 1957 வெனிஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பெரும்பரிசு பெற்றது. இதற்குப் பணம் தந்தது ஃபோர்டு மோட்டார் நிறுவனம். சுதந்திர சினிமாவுக்கு நிறுவனப் பணமா என்று வினவலாம். பணம் எவருடையது என்பதைவிட, பார்வையை எவர் தீர்மானித்தார் என்பதே அவர்கள் கொண்ட அளவுகோல்.

1959 மார்ச்சில் ஆறாம் நிகழ்ச்சியோடு தாமே முற்றுப்புள்ளி வைத்தனர். இவ்வாறு வெளியே நின்று படமெடுப்பதன் சுமையை நெடுங்காலம் தாங்க இயலாது என்பதை இறுதி அறிக்கையில் மறைக்காமல் ஒப்புக்கொண்டனர். ரிச்சர்ட்சன், ரைஸ், ஆண்டர்சன் மூவரும் முழுநீளப் படங்களுக்குச் சென்று புகழ்பெற்றனர். முதல் அறிக்கையைச் சேரிங் கிராஸ் பகுதியில் தாம் பணிபுரிந்த உணவு விடுதியில் ஆண்டர்சனோடு அமர்ந்து உருவாக்கிய மட்சேத்தி மட்டும் இத்தாலி திரும்பினார். 1961இல் ‘வானம் வீழ்கிறது’ எனப் பொருள்படும் தலைப்பில், சிறுமியொருத்தியின் குரலில் அக்கொலை நாளை நாவலாக எழுதினார். வியாரெஜ்ஜோ பரிசு பெற்ற அந்நூல் 2000இல் திரைப்படமாயிற்று. பின்னாளில் ரோமில் பொம்மலாட்ட அரங்கு நடத்திய அவர் 2020 ஜனவரியில் மறைந்தார். திரைப்பட வரலாற்று நூல்கள் நெடுங்காலம் மூன்று ஆடவர் பெயரை விரிவாகவும் அவர் பெயரை ஒரு வரியிலும் சொல்லிவந்தன. நால்வர் கூடித் தொடங்கியதை மூவர் கதையாக்கிய அப்பிழை அண்மைக் காலத்தில்தான் திருந்திவருகிறது.

வட்டங்கள் கலைவதும் சிற்றிதழ்கள் நிற்பதும் இயல்பு. ஆறு முறை கூடிக் கலைந்தவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் பேசுகிறோம் என்றால், கூடிய எண்ணிக்கை அதற்குக் காரணமாகாது. நம் வட்டத்தின் பத்தாண்டு வரலாற்றை நாளை எழுதப்போகிறவரிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. மேடையில் பேசியோர் பெயர்களோடு, அறிக்கையை உடனிருந்து எழுதியவர், நாற்காலி இட்டவர், ஒரு கவிதை படித்துவிட்டுப் பின்னர் வராமலே போனவர் ஆகியோர் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும்.