பென்னிகுவிக்கும் மராமத்து இலாகாவும்

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். சொந்தச் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்று ஊரே சொல்கிறது. அந்த நன்றியில நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் அவர் வேலை பார்த்த மராமத்து இலாகாவைக் காணோம். இன்றைய மொழியில், பொதுப்பணித்துறை.

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருக்கு முந்தையது. 1789இல் ராமநாதபுரம் சேதுபதி ஆளனுப்பி மலையைப் பார்க்கச் சொன்னார். 1808இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்றார். 1860களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார், அடுத்து வந்த ஸ்மித் அதை மாற்றினார். 1876-78 பஞ்சத்தில் எல்லாம் தள்ளிப்போனது. 1882இல்தான் அந்தப் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. ஆட்கள் மாறினாங்க, கோப்பு மட்டும் சாகல.

1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். அதைத் தனிமனிதர் போட முடியாது. 1887இல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போனது. மலேரியாவில் கூலியாட்கள் பலர் செத்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய அணையிலிருந்து 1895இல் தண்ணீர் வந்தது.

இலாகாவைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்களைச் சாகவிட்ட அதே அரசுதான் அது. பாசனத் திட்டம் என்றால் போட்ட பணம் வரியாக எவ்வளவு திரும்பும் என்று பார்த்த அரசு.

ஆனாலும் அணை மட்டும் வயலுக்குத் தண்ணி கொண்டுவராது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, சுருளியாற்றில் கலந்து, வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் மேலூர் வரை போகிறது தண்ணீர். வழியெங்கும் மதகைத் திறந்து மூட, கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அணை இருப்பது கேரளத்தில். அதை இயக்குவது இன்றும் தமிழக நீர்வளத்துறைப் பொறியாளர்கள். லஸ்கர்களுக்கும் இவர்களுக்கும் யாரும் பொங்கல் வைப்பதில்லை.

வைக்க வேண்டாம். ஆனா அணை ஒருவரின் தயவால் வந்தது என்று நம்பினால், கால்வாய் தூர்ந்து கிடக்கும்போது இன்னொரு தயாளனுக்காகத்தான் காத்திருப்போம். அது ஒரு துறையின் கடமையாக வந்தது என்று தெரிந்தால், அலுவலகத்துக்குப் போய் "ஏன் தூர் வாரல?" என்று கேட்கலாம்.