கறை எது, சான்று எது? பழைய சுங்கானைப் புதுப்பித்தலும் புனே தரும் பதிப்பியல் பாடமும்

பழைய புகைக்குழாய் ஒன்றைப் புதுப்பிக்கும்போது அதிலிருந்து நீக்கப்படுவது அழுக்கா, வரலாறா? சிறிய கேள்வியாகத் தோன்றினும், தொல்பொருள் பாதுகாப்பு, பதிப்பியல், சொல்லாய்வு ஆகிய மூன்றையும் தொடும் கேள்வி இது. இதற்கு விடை தேடப் புனே நகரம் ஏற்ற இடம்.

‘பழைய சந்தை’ எனப் பொருள்படும் ஜுனா பாஜார், புனேயின் மங்கள்வார் பேட்டையில் புதன், ஞாயிறு ஆகிய நாள்களில் கூடுகிறது. இத்தகைய சந்தைகளுக்கு வந்துசேரும் சுங்கானின் நிலை பெரும்பாலும் ஒன்றே: கிண்ணம் கரியால் அடைபட்டிருக்கும், விளிம்பு கருகியிருக்கும், வாய்முனை பச்சையும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். அதை வாங்கி, நகரின் கிழக்கே ஹடப்சரை ஒட்டிய மகர்பட்டாவின் அடுக்குமாடி வீடொன்றில் காட்சிக்கு வைக்க விரும்புவோர்க்கு அது பளபளக்க வேண்டும். பயன்படுத்த விரும்புவோர்க்கு அது தூய்மையாக வேண்டும். ஆய்வாளர்க்கோ, அது இருந்தபடியே இருத்தல் வேண்டும். இம்மூன்று தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை.

முதலில் பெயர்கள். ‘புகையிலை’ தமிழிலேயே ஆக்கப்பட்ட தொகைச்சொல். தெலுங்கின் பொகாகு, கன்னடத்தின் ஹொகெசொப்பு, மலையாளத்தின் புகயில ஆகியனவும் புகையோடு இலையையோ தழையையோ சேர்த்து ஆக்கப்பட்டவை. மராத்தி அவ்வாறு ஆக்காமல் ‘தம்பாகூ’ எனக் கடன்பெற்றது. ஹுக்கா என்பது சிமிழையோ பேழையையோ குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நீர்க்கலத்தின் பெயர் முழுக் கருவிக்கும் ஆகிவந்தது. தமிழின் ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. சுங்கான் செய்யப் பயன்படும் ‘பிரையர்’ மரம் முட்செடியன்று. ‘புரூயேர்’ என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில், முட்செடியைக் குறிக்கும் தம் சொல்லோடு ஒலியொத்துப் போனதன் விளைவு அப்பெயர். சொல்லின் மேல் படிந்த இத்தகைய திரிபுகளைத் துடைத்தெறிந்தால் அதன் பயண வரலாறும் உடன் போய்விடும். பொருளுக்கும் இது பொருந்தும்.

தக்காணத்துப் புகைக்குழாய்களைப் பற்றிய பழைய விவரிப்புகளுள் ஒன்று அக்பரின் அவையைச் சேர்ந்த அசத் பேக் எழுதியது. 1604-05 வாக்கில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அவர், பேரரசருக்கு அங்கிருந்து புகையிலையும் ஓர் அழகிய புகைக்குழாயும் கொணர்ந்தார். பிற்காலத்தில் ஷஹாஜியின் ஜாகீராகிய புனேயையும் உள்ளடக்கிய அரசு அது. அக்குழாயின் தண்டு அச்சேயிலிருந்து வந்தது. மூன்று முழ நீளம். இரு முனைகளிலும் மணிகளும் எனாமல் வேலைப்பாடும். வாய்முனை யேமன் நாட்டுச் செம்மணிக்கல். புகையிலையை நிரப்பியதோ பீஜப்பூர் மன்னர் அளித்த வெற்றிலைப்பையில். அரண்மனை மருத்துவர் தடுத்தும் அக்பர் சில முறை புகைத்துப் பார்த்தார். 1617இல் ஜஹாங்கீர் புகைப்பழக்கத்துக்குத் தடை விதித்தார், பழக்கம் நின்றபாடில்லை.

ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்குழாய் ஒரே பட்டறையில் பிறந்ததன்று. தண்டு ஓரிடத்தது, வாய்முனை வேறிடத்தது. ‘பொருந்தாத’ உறுப்பை அகற்றிப் பொருத்தமான புதிய உறுப்பை இணைப்பதே புதுப்பித்தல் எனக் கொண்டால், இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் சான்று அங்கேயே அழியும்.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு பீதர் நகரின் பித்ரி வேலைப்பாடு. ஹுக்காவின் அடிக்கலங்கள் பல இம்முறையில் செய்யப்பட்டன. துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதளவாகவும் சேர்ந்த உலோகக் கலவையை வார்த்து, மேற்பரப்பில் கோலங்களைச் செதுக்கி, வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதிப்பர். இறுதியில் பீதர் கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசுவர். உலோகக் கலவை கருத்துவிடும். வெள்ளி வெண்மை மாறாது. அந்தக் கருமையே பித்ரியின் பின்புலம். கைவினைஞர் முயன்று வருவித்த அந்நிறத்தைக் காலத்தின் கறை எனக் கருதி உரசித் தேய்ப்பவர்க்குக் கிடைப்பது சாம்பல்நிற உலோகத்தின் மேல் மங்கித் தெரியும் வெள்ளிக் கோடுகளே. தூய்மை செய்யும் கை அறியாமையால் நூலையே அழித்துவிடுகிறது.

1817இல் கடகிப் போர். மறு ஆண்டில் பேஷ்வா ஆட்சியின் முடிவு. அதன்பின் புனேயில் பிரித்தானியப் படைமுகாம். ஹுக்காவைக் கவனிப்பதற்கென்றே பணியாள் வைத்திருந்த கும்பினி அதிகாரிகளின் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக மறைய, சுருட்டும் கையடக்கச் சுங்கானும் அதனிடத்தைப் பிடித்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் சென் குளோத் நகரில் பிரையர்ச் சுங்கான் தொழில் வளர்ந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் எரிக்கா அர்போரியா என்னும் செடியின் வேர்க்கழலையே அதன் மூலப்பொருள். வெப்பத்தைத் தாங்கும், எளிதில் எரியாது.

இன்று பழைய பிரையர்ச் சுங்கானைப் புதுப்பிப்போர் கைக்கொள்ளும் முறை ஏறத்தாழ நிலைபெற்றது. கிண்ணத்துள் இறுகிய கரிப்படிவைச் சுரண்டி எடுப்பர். மிகத் தடித்த படிவு சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கக்கூடும் என்பது காரணம். பின்னர் உப்பையும் சாராயத்தையும் இட்டு ஓரிரவு வைத்துப் பழைய எண்ணெய்ப்பசையையும் நாற்றத்தையும் உறிஞ்சச் செய்வர். வாய்முனை பெரும்பாலும் வல்கனைட். கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். ஒளியும் காற்றும் பட்டு அதன் மேற்பரப்பு நிறம் மாறும். அதை நுண்ணிய உப்புத்தாள் கொண்டு நீரில் தேய்த்து மீண்டும் கருமையாக்குவர். இறுதியில் சுழல்சக்கரத்தில் மெழுகேற்றி மெருகிடுவர்.

ஒவ்வொரு படியிலும் ஓர் இழப்புண்டு. மெருகுச் சக்கரம் தண்டின் மேலுள்ள செய்தவர் முத்திரையை மழுங்கடிக்கும். வெள்ளி வளையம் உடைய பிரித்தானியச் சுங்கானில் தர முத்திரையும் நகர முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். நங்கூரம் இருந்தால் அது பர்மிங்காமில் சோதிக்கப்பட்ட வெள்ளி. ஆண்டெழுத்துத் தேய்ந்துபோனால் காலத்தைக் கணிக்கும் நேரடி வழி மூடிக்கொள்ளும். வாய்முனையின் பற்குறிகளை நிரப்பி ஒழுங்காக்கினால், அதைப் பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற உடல்தடம் மறையும்.

‘அழுக்கு’ எனப்படுவதிலிருந்து அறிவு பெற்ற ஆய்வுகள் உண்டு. 1954இல் ஜே. சி. ஹாரிங்டன், களிமண் புகைக்குழாய்த் தண்டுகளின் துளைவிட்டத்தை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு என்னும் அலகால் அளந்தார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அத்துளை படிப்படியாகச் சிறுத்துவந்ததை அவர் காட்டினார். பின்னர் லூயிஸ் பின்ஃபோர்ட் அதை ஒரு கணிதச் சூத்திரமாக்கினார். அடைப்பை நீக்குவதற்காகத் துளையைக் கம்பியால் அகலப்படுத்தியிருந்தால் அந்த அளவீட்டுக்கே இடமிராது. 2001இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், ஸ்டிராட்ஃபர்டில் கிடைத்த களிமண் குழாய்த் துண்டுகளில் படிந்திருந்த எச்சங்களை வேதியியல் முறையில் சோதித்து, அவற்றுள் புகைக்கப்பட்டவை எவையென ஆராய்ந்து வெளியிட்டனர். கழுவித் துடைத்த குழாயில் அவ்வாய்வு நடந்திராது.

அப்படியாயின் எதையும் தொடாதிருப்பதே நன்றா? அதுவும் விடையாகாது. பிளவுபட்ட மரமும் உதிரும் கரியும் தாமாகவே அழியக்கூடியவை. இங்குதான் புனேயின் மற்றொரு மரபு துணைக்கு வருகிறது. 1917இல் தொடங்கப்பட்ட பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் மகாபாரதத்தின் செம்பதிப்பை மேற்கொண்டது. வி. எஸ். சுக்தங்கர் 1925இல் தலைமைப் பதிப்பாசிரியரானார். பணி 1966இல் நிறைவுற்றது. ஒப்புநோக்கப்பட்ட சுவடிகள் 1,259. மூலபாடம் அன்று எனப் பதிப்பாசிரியர் கருதியவற்றை மேலே உள்ள பாடத்திலிருந்து நீக்கினர். ஆனால் தூக்கி எறியவில்லை. அவை அடிக்குறிப்பிலும் பிற்சேர்க்கையிலும் எந்தச் சுவடியில் உள்ளன என்ற குறிப்போடு இடம்பெற்றன. பதிப்பாசிரியரின் முடிவை ஏற்காத வாசகர் தாமே மறுபரிசீலனை செய்ய இயலும். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளில் பாடபேதக் குறிப்புகளைக் கண்ட தமிழ் மாணவர்க்கு இந்நெறி புதிதன்று.

சுங்கானைப் புதுப்பிப்பதும் ஒரு பதிப்புப் பணியே. தொடுமுன் எல்லாப் பக்கமும் நிழற்படம் எடுத்தல். முத்திரை, துளைவிட்டம், எடை, கருகிய இடம் ஆகியவற்றைக் குறித்தல். சுரண்டிய கரியில் ஒரு சிட்டிகையைச் சிறு குப்பியில் இட்டுப் பெயர் ஒட்டி வைத்தல். மாற்றிய உறுப்பு இருப்பின் பழையதையும் உடன் காத்தல். இவையே அதன் பாடபேதப் பட்டியல். அரைமணி நேர வேலை, செலவு ஏதுமில்லை.

இதில் இழக்கப்படுவது சிறு பொருளன்று. அரசரின் மணிபதித்த குழாய்க்குச் சரித்திரக் குறிப்பு உண்டு. உழவரும் சுமைதூக்குவோரும் புகைத்த மண் சிலும்பிக்கு, மராத்தியின் ‘சிலிம்’முக்கு, எழுதப்பட்ட சான்று மிக அரிது, அதன் உடலே அதன் ஆவணம். விளக்கு, பாக்குவெட்டி, கதவு போன்ற அன்றாடப் பொருள்களை 1920 வாக்கிலிருந்து தேடிச் சேர்த்த தினகர் கேள்கர் (1896–1990), மறைந்த தம் மகன் ராஜாவின் பெயரில் புனேயில் நிறுவிய அருங்காட்சியகம் உணர்த்துவதும் இதையே: வீட்டுப் புழங்குபொருளும் வரலாற்று மூலமே.

மகர்பட்டா என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அங்கு 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நூற்றுக்கும் மேற்பட்ட உழவர் குடும்பங்கள் ஒன்றுசேர்த்து நகரியமாக்கின. வயல் இன்று கட்டடமாகிவிட்டது. எனினும் மகர் என்னும் குடும்பப் பெயரும், நிலப்பரப்பின் நீள்துண்டைக் குறிக்கும் மராத்தியின் ‘பட்டா’வும் ஊர்ப்பெயரில் படிந்து நிற்கின்றன. வேறு பெயர் சூட்டி அதைத் துடைத்திருந்தால் அந்நிலம் யாருடையதாக இருந்தது என்பதற்கு ஊரின் பெயரே தரும் சான்று இல்லாமற் போயிருக்கும். கிண்ணத்தின் அடியில் இறுகிய கரியும் அத்தகையதே. அகற்றுவது தவறன்று, பதியாமல் அகற்றுவதே தவறு.